வளையாத ஆறுதல் அட்டை

பயாப்ஸி (சதைத் துணுக்குப் பரிசோதனை) முடிவு வரும்வரை கையும் மனசும் எதிலாவது ஊன்ற வேண்டும். அதற்குத்தான் நோயாளிக்குக் கையால் செய்து கொடுக்கும் இந்த அட்டை. 180 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற தாள் கனம்) சார்ட்டில் செய்தது ஓடு மாதிரி வளைந்துவிட்டது. ஒரு பக்கம் மட்டும் ஈரமானால் அந்தப் பக்கத்து நார்கள் உப்பி, காயும்போது சுருங்கி இழுக்கும்.

300 ஜிஎஸ்எம் வாட்டர்கலர் தாளுக்கு மாறியதும் பாதி சரியானது. ஏ5 தாளின் நடுவே, மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் அழுத்திக் கோடிட்டு மடித்தால் மடிப்பு வெடிக்காது. மீதி சரியாக, இரு பக்கமும் ஜெஸ்ஸோ (வண்ணத்துக்கு அடியில் பூசும் வெள்ளைக் கலவை) மெல்லிசாக ஒரு பூச்சு. அதன் மேல் அக்ரிலிக் வண்ணம்தான் நிற்கும். வாட்டர்கலர் தொட்டாலே கழன்று வரும்.

டிஷ்யூ தாள் ஒட்ட வெள்ளைப் பசை 2 பங்கு, தண்ணீர் 1 பங்கு. புடவைத் துணிக்குத் தண்ணீரே வேண்டாம், பசை ஊறிக் கறை தெரியும். பட்டர் பேப்பர் வைத்து, கனமான புத்தகங்களின் அடியில் ஓர் இரவு.

மினுக்குத் தூள் கூடவே கூடாது. படுக்கையில் உதிரும், கண்ணில் விழும்.

அக்ரிலிக் மேல் ஜெல் பேனா ஈஷும். உள்ளே வெள்ளைத் தாள் ஒட்டி எழுதுங்கள். ‘எல்லாம் சரியாகிவிடும்’ என்பதைவிட, ‘செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரிக்கு நானும் வருகிறேன்’ என்பது மேல்.