பயணத்துக்கு மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் கேமரா

ஒலிம்பஸும் பானாசோனிக்கும் 2008இல் அறிவித்த மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் அமைப்பில், ஒளியைப் பதியும் சென்சார் சிறியது என்பதால், லென்ஸில் குறித்துள்ள மி.மீ. எண்ணை இரண்டால் பெருக்கினால்தான் 35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சார் கொண்ட ஃபுல் ஃபிரேம் கேமராவுக்கு நிகரான காட்சிக் கோணம் தெரியும். அன்றாடப் பயன்பாட்டுக்கு 17 மி.மீ. எஃப்/1.8 லென்ஸ் ஒன்றே போதும் என்பது என் உறுதியான கருத்து.

இருட்டிய கடைத்தெருவில் விளக்கடியில் இருக்கும் பூக்கூடையை எடுக்கும்போது, ஐஎஸ்ஓவை (ஒளி உணர்திறனை) உயர்த்துவதற்கு முன் அபர்ச்சரை, அதாவது லென்ஸின் ஒளித்துளையை, எஃப்/1.8 வரை முழுதாகத் திறந்து, கேமராவில் அதிர்வுத் தடுப்பு இருந்தால் அதை இயக்கி, ஷட்டர் வேகத்தை 1/8 நொடி வரை துணிந்து குறைக்கலாம். ஆனால் பூ கட்டும் விரல்களும் தெளிவாக விழ வேண்டுமானால் 1/125க்குக் கீழே இறங்காமல், ஐஎஸ்ஓவை 3200 வரை ஏற்றுவதே சரி. பகலில் இதே லென்ஸில் ஒளித்துளையைச் சுருக்கி எஃப்/5.6 வைத்து மூன்றரை மீட்டரில் ஃபோகஸ் செய்தால், சுமார் இரண்டு மீட்டரிலிருந்து தொடுவானம் வரை தெளிவாக இருக்கும்.