உள்வனத்தில் முதல் கனூப் பயணம்: அல்கோன்குவின் பூங்காவுக்கு ஒரு திட்டமிடல் விளக்கம்

கனடாவிலுள்ள ஒன்ராறியோவின் அல்கோன்குவின் மாகாணப் பூங்காவில் ஏரிகளின் பனிக்கட்டி உருகித் துடுப்புப் பருவம் தொடங்குவது பெரும்பாலும் ஏப்ரல் கடைசியிலோ மே மாதத் தொடக்கத்திலோதான். ஆனால் அந்தப் பருவத்திற்கான திட்டத்தைக் குளிர்காலம் முடிவதற்குள்ளேயே வீட்டு மேசையில் வரைபடத்தை விரித்துப் போட்டு முடித்துவிட வேண்டும். 1893-இல் உருவாக்கப்பட்ட இந்தப் பூங்காவின் பரப்பு 7,600 சதுர கிலோமீட்டருக்கு மேல். அதற்குள் கனூ எனப்படும், துடுப்பால் ஓட்டும் ஒடுங்கிய படகில் போய்வரக்கூடிய பாதைகள் மட்டும் 2,000 கிலோமீட்டருக்கு மேல் இருக்கின்றன. இத்தனை பாதைகளில் முதன்முறை போகும் இருவர் எதைத் தேர்ந்தெடுக்க வேண்டும், அதை எப்படிக் கணக்கிட வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் பொருள். கூடாரம் அடிக்கவும், சிறிய எரிவாயு அடுப்பில் சமைக்கவும், கனூவில் ஓரளவு நேராகத் துடுப்புப் போடவும் உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

படி 1: மாதத்தைத் தீர்மானியுங்கள்

புதியவர்களுக்கு நான் பரிந்துரைப்பது ஆகஸ்ட் நடுவிலிருந்து செப்டம்பர் நடு வரையிலான நான்கு வாரங்களை மட்டுமே. மே நடுவிலிருந்து ஜூன் கடைசி வரை கருப்பு ஈக்கள் கூட்டம் கூட்டமாக வந்து காதுக்குப் பின்னாலும் கழுத்திலும் கடிக்கும். அவை ஓய்வதற்குள் கொசு வந்துவிடும், ஜூலை முழுவதும் இருக்கும். அதைவிடப் பெரிய காரணம் நீரின் குளிர்ச்சி. மே மாதத்தில் காற்று இதமாக இருந்தாலும், சில நாள்களுக்கு முன்புவரை பனிக்கட்டியாக இருந்த நீரில்தான் நீங்கள் மிதக்கிறீர்கள். செப்டம்பர் நடுவில் சூரியன் மாலை ஏழரைக்குள் மறைந்துவிடும் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால், கோடைக் கடைசியே எல்லா வகையிலும் நல்ல காலம்.

படி 2: பாதையைக் கிலோமீட்டரில் அல்ல, மணிக்கணக்கில் அளவிடுங்கள்

இந்தப் படிதான் மற்ற எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்பதால் இதை விரிவாகச் சொல்கிறேன்.

ஓர் ஏரிக்கும் அடுத்த ஏரிக்கும் இடையே நிலம் குறுக்கிடும் இடத்தில் படகையும் மூட்டைகளையும் தோளில் சுமந்து நடக்க வேண்டும். இந்த நடைபாதைக்குப் போர்ட்டேஜ் என்று பெயர். பூங்காவின் கனூப் பாதை வரைபடத்தில் ஒவ்வொரு போர்ட்டேஜுக்கும் அதன் நீளம் மீட்டரில் குறிக்கப்பட்டிருக்கும். அந்த எண்ணைப் பார்த்தவுடன் நடக்க வேண்டிய தூரம் அதுதான் என்று மனம் எடுத்துக்கொள்கிறது. உண்மையில் அது அப்படியில்லை. முதன்முறை போகும் இருவரால் படகு, இரண்டு பெரிய பைகள், உணவுப் பீப்பாய், துடுப்புகள் எல்லாவற்றையும் ஒரே நடையில் கொண்டுபோக முடியாது. ஒருமுறை சுமந்து போய் வைத்து, வெறுங்கையோடு திரும்பி வந்து, மிச்சத்தைச் சுமந்து மறுபடியும் போக வேண்டும். எனவே வரைபடத்தில் 500 மீட்டர் என்றிருந்தால் உங்கள் கால்கள் நடப்பது 1,500 மீட்டர். வரைபட எண்ணை எப்போதும் மூன்றால் பெருக்குங்கள்.

இத்தோடு இன்னொரு செலவும் உண்டு. ஒவ்வொரு போர்ட்டேஜிலும் கரை சேர்ந்து, மூட்டைகளை இறக்கி, படகைத் தூக்கி, மறுமுனையில் எல்லாவற்றையும் மீண்டும் ஏற்றி அமர்வதற்கு ஏறத்தாழ 20 நிமிடம் ஆகிறது. பாதையின் நீளம் எவ்வளவாக இருந்தாலும் இந்த 20 நிமிடம் மாறுவதில்லை. நான் பயன்படுத்தும் கணக்கு இதுதான்: நீரில் மணிக்கு 3.5 கிலோமீட்டர், போர்ட்டேஜில் மும்மடங்கு தூரத்துக்கு மணிக்கு 3.5 கிலோமீட்டர், ஒவ்வொரு போர்ட்டேஜுக்கும் கூடுதலாக 20 நிமிடம்.

இதைப் போட்டுப் பார்த்தால் வரைபடம் வேறு மாதிரித் தெரியத் தொடங்கும். 600 மீட்டர் நீளமுள்ள ஒரே ஒரு போர்ட்டேஜுக்கு நடை அரை மணி நேரம், ஏற்றி இறக்க 20 நிமிடம், ஆக 50 நிமிடம். அதே 600 மீட்டர் மூன்று 200 மீட்டர்த் துண்டுகளாக வந்தால் நடை அதே அரை மணி நேரம்தான், ஆனால் ஏற்றி இறக்க ஒரு மணி நேரம், ஆக ஒன்றரை மணி நேரம். குட்டைப் போர்ட்டேஜுகள் நிறைந்த பாதை சுலபமானது என்று எண்ணிவிடாதீர்கள். எத்தனை தடவை இறங்க வேண்டும் என்பதையே முதலில் எண்ணுங்கள்.

இப்போது ஓர் உண்மையான பாதையில் இதைப் பொருத்திப் பார்ப்போம். நெடுஞ்சாலை 60-இல் மேற்கு வாயிலிலிருந்து சுமார் 14 கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது கனூ ஏரி. அதன் தெற்குக் கரையில் படகை இறக்கி, வடக்கே போய், அணைக்கட்டைச் சுற்றிச் செல்லும் 295 மீட்டர்ப் போர்ட்டேஜைக் கடந்து ஜோ ஏரியில் இறங்கி, டீப்பீ ஏரி, லிட்டில் டோ ஏரி வழியாக டாம் தாம்சன் ஏரியை அடையலாம். மொத்த நீர்வழி பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். போர்ட்டேஜ் அந்த ஒன்றுதான். 12 கிலோமீட்டருக்கு மூன்றரை மணி நேரம், 885 மீட்டர் நடைக்குக் கால் மணி நேரம், ஏற்றி இறக்க 20 நிமிடம்: நான்கு மணி நேரத்துக்குச் சற்றே மேல். காலை 9 மணிக்குப் புறப்பட்டால் நடுவில் சாப்பிட நின்றாலும் பிற்பகல் 2 மணிவாக்கில் முகாமில் இருப்பீர்கள். முதல் பயணத்துக்கு ஒரு நாளின் உச்ச அளவு ஐந்து மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

டாம் தாம்சன் ஏரியிலேயே இரண்டு இரவும் தங்கி, நடு நாளில் வெறும் படகோடு அக்கம்பக்கத்து ஏரிகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு, மூன்றாம் நாள் வந்த வழியே திரும்புங்கள். வந்த வழியே திரும்புவதில் என்ன இருக்கிறது, வட்டமாகச் சுற்றி வரலாமே என்று தோன்றும். அப்படி மேற்கே மெக்கின்டாஷ் ஏரிப் பக்கம் நீட்டினால், டாம் தாம்சன் ஏரிக்கும் இங்க் ஏரிக்கும் இடையில் சுமார் 2.3 கிலோமீட்டர்ப் போர்ட்டேஜ் ஒன்று காத்திருக்கிறது. மூன்றால் பெருக்குங்கள்: ஏறத்தாழ 7 கிலோமீட்டர் நடை, அதில் மூன்றில் இரண்டு பங்கு சுமையோடு. அந்த ஒரு கோடு மட்டுமே இரண்டே கால் மணி நேரத்துக்கு மேல் தின்றுவிடும். இரண்டாவது பயணத்துக்கு அது அருமையான பாதை. முதல் பயணத்துக்கு வேண்டாம்.

படி 3: முன்பதிவு

உள்வன முகாமிடங்களை, அதாவது சாலை போகாத, கனூவிலோ நடந்தோ மட்டும் எட்டக்கூடிய இடங்களை, ஒன்ராறியோ பூங்காக்களின் தளத்தில், போய்ச் சேரும் நாளுக்கு ஐந்து மாதம் முன்னதாகக் காலை 7 மணி முதல் பதியலாம். ஆகஸ்ட் 25-இல் நுழைவதென்றால் மார்ச் 25 காலை கணினி முன் அமர்ந்திருக்க வேண்டும் என்று பொருள். விதிகள் அவ்வப்போது மாறக்கூடியவை என்பதால் ஜனவரியிலேயே ஒருமுறை தளத்தைப் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள். வார இறுதியைத் தவிர்த்து ஞாயிறன்று நுழைந்து செவ்வாயன்று வெளியேறுவதாக வைத்துக்கொண்டால் இடம் கிடைப்பது எளிதாகிவிடும்.

இங்கே ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். அனுமதிச் சீட்டில் ஒவ்வோர் இரவுக்கும் ஏரியின் பெயர் மட்டுமே இருக்கும். குறிப்பிட்ட முகாமிடம் எதுவும் உங்களுக்கென ஒதுக்கப்படுவதில்லை. அந்த ஏரியில் ஆரஞ்சு நிறப் பலகை மாட்டியிருக்கும் எந்த இடம் காலியாக இருக்கிறதோ அதில் முந்தி வருபவர் தங்கலாம். பிற்பகல் 2 மணிக்குள் சேர வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். மாலை 5 மணிக்குச் சேர்பவருக்கு வாய்ப்பது பெரும்பாலும் காற்று நேராக அடிக்கும் முனையோ, சரிவான தரையோதான்.

படி 4: படகும் கருவிகளும்

வாடகைக்கு எடுக்கும்போது பணத்தை மிச்சப்படுத்தக் கூடாத ஒரே பொருள் படகு. கெவ்லார் நாரில் செய்த 16 அல்லது 17 அடிக் கனூ சுமார் 20 கிலோ இருக்கும். பிளாஸ்டிக் படகோ 30 கிலோவைத் தாண்டும். வாடகை கூடுதல்தான், ஆனால் தலைக்கு மேல் கவிழ்த்து, படகின் நடுக் குறுக்குக் கட்டையான நுகத்தடியைத் தோளில் ஏற்றி மேட்டில் நடக்கும்போது அந்தப் பத்துக் கிலோவின் அருமை தெரியும். நீண்ட வார இறுதிகளுக்குக் கெவ்லார் படகுகள் முதலில் தீர்ந்துவிடும் என்பதால், முகாம் பதிவு கிடைத்த அன்றே படகையும் பதிந்துவிடுங்கள்.

ஆறு மீட்டர் வரை நீளமுள்ள கனூவில் ஆளுக்கோர் உயிர்காப்பு அங்கி, 15 மீட்டர் மிதக்கும் கயிறு, நீர் இறைக்கும் குவளை, விசில் ஆகியவை இருக்க வேண்டும் என்கிறது கனடியச் சட்டம். இருட்டிய பின் நீரில் இருந்தால் விளக்கும் வேண்டும். அங்கி படகில் கிடந்தால் சட்டத்துக்குப் போதும். எனக்குப் போதாது. நீரில் இருக்கும் ஒவ்வொரு நிமிடமும் அது உடம்பில் மாட்டி, இழுத்து இறுக்கப்பட்டிருக்க வேண்டும். நீங்கள் இரவு தங்கப்போகும் ஏரிக்குப் பெயர் தந்த ஓவியர் டாம் தாம்சன் நன்றாகக் கனூ ஓட்டத் தெரிந்தவர். 1917 ஜூலையில் அவருடைய படகு கனூ ஏரியில் கவிழ்ந்து மிதக்கக் காணப்பட்டது, எட்டு நாள்கள் கழித்து உடல் கிடைத்தது.

ஒரு துடுப்பு கூடுதலாக வேண்டும். வழிகாட்டலுக்குக் கைபேசிச் செயலியைவிட நீர்புகாத காகித வரைபடத்தையே நான் நம்புகிறேன்: நனைந்த விரலுக்குத் தொடுதிரை பணியாது, உள்வனத்தின் பெரும்பகுதியில் அலைபேசிச் சமிக்ஞையும் இல்லை. அவசரத்துக்குக் கார்மின் இன்ரீச் போன்ற செயற்கைக்கோள் கருவி ஒன்றை வாடகைக்கேனும் எடுத்துச் செல்லுங்கள்.

படி 5: உணவு

பூங்காவின் உள்வனத்தில் தகர டின்களுக்கும் கண்ணாடிப் புட்டிகளுக்கும் அனுமதி இல்லை. எரிபொருள், மருந்து, பூச்சி விரட்டி போன்றவற்றின் கலன்களுக்கு மட்டுமே விலக்கு உண்டு. நம் வீடுகளிலிருந்து போகிறவர்கள் பையில் பழக்கத்தால் எடுத்து வைப்பது டின்மீனும் ஊறுகாய்ப் புட்டியும்தான் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். புளியோதரைப் பொடி, வறுத்த ரவையில் கடுகும் காய்ந்த மிளகாயும் தாளித்துக் கலந்த உப்புமா மாவு, உலர்ந்த பருப்புப் பொடி ஆகியவை எடை குறைந்தவை, கொதிநீர் மட்டும் கேட்பவை. ஊறுகாயைச் சிறிய பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். கருவாட்டை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். இது கருங்கரடிகள் வாழும் காடு.

இரவில் உணவு, பற்பசை, குப்பை உட்பட மணமுள்ள எதுவும் கூடாரத்துக்குள் இருக்கக் கூடாது. எல்லாவற்றையும் பையிலோ பீப்பாயிலோ போட்டு, தரையிலிருந்து 4 மீட்டர் உயரத்தில், மரத்தண்டிலிருந்து 2 மீட்டர் தள்ளித் தொங்கும்படி கிளையில் கட்ட வேண்டும். கயிற்றை எறிவதற்கு ஏற்ற கிளையைத் தேடுவதே அரை மணி நேர வேலை. வெளிச்சம் இருக்கும்போதே முடித்துவிடுங்கள்.

படி 6: காற்றும் குளிர்நீரும்

ஏரியில் காற்று பெரும்பாலும் முற்பகல் முடியும் வேளையில் வலுத்து, மாலையில் தணியும். எனவே திரும்பும் நாளில் காலை 7 மணிக்கே படகில் இருங்கள். கரையிலிருந்து நீந்திச் சேரக்கூடிய தொலைவிலேயே போங்கள். நடு ஏரியைக் குறுக்கே வெட்டிப் போவதால் மிச்சமாகும் பத்து நிமிடம் ஆபத்துக்கு ஈடாகாது. இடி கேட்டால் உடனே கரையேறுங்கள். கடைசி இடிக்குப் பின் 30 நிமிடம் கழித்தே மறுபடி நீரில் இறங்குங்கள். குளிர்நீரில் விழுந்தவருக்கான 1-10-1 விதியை இருவரும் மனப்பாடமாக வைத்திருங்கள்: மூச்சு நிதானப்பட 1 நிமிடம், கைகால்களைப் பயனுள்ளபடி அசைக்க 10 நிமிடம், குளிரால் நினைவு தப்பும் முன் ஏறத்தாழ 1 மணி நேரம். அந்த முதல் நிமிடத்தில் தலையை நீருக்கு மேலே வைத்திருப்பது அங்கிதான்.

பிற்சேர்க்கை

இதைப் படித்துவிட்டுப் பயணம் போனவர்கள் எழுதியதிலிருந்து மூன்று விஷயங்களைச் சேர்க்க வேண்டியிருக்கிறது.

முதலாவது, ஆறுகள். பூங்காவின் மேற்கிலுள்ள டிம் ஆறு போன்ற வளைந்து நெளிந்து போகும் ஆறுகளில், வரைபடத்தில் நேர்கோடாக அளந்த தூரத்தைக் கொண்டு நேரத்தைக் கணக்கிட்டவர்கள் இருட்டிய பிறகே முகாம் சேர்ந்திருக்கிறார்கள். ஒரு நூலை ஒவ்வொரு வளைவிலும் படியவைத்து, பிறகு நீட்டி அளவுகோலில் பாருங்கள். கோடைக் கடைசியில் சிற்றோடைகளில் நீர் வற்றியிருக்கும். நீர்நாய்களைப் போன்ற தோற்றமுள்ள பீவர்கள் கட்டிய அணைகளின் மேல் படகை இழுத்துப் போகவும் நேரிடும். ஓடைப் பகுதிக்குக் கணக்கிட்ட நேரத்தோடு பாதியைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, குழந்தைகள். சிறு குழந்தையோடு போகும் பெற்றோருக்கு மூன்றால் பெருக்கும் கணக்கு பொருந்தாது. ஒருவர் எப்போதும் குழந்தையோடு இருக்க வேண்டியிருப்பதால் சுமப்பவர் ஒருவரே. நான்கு சுமைகளுக்கு அவர் ஏழு நடை நடக்க வேண்டும். அவர்கள் போர்ட்டேஜே இல்லாத முகாமிடங்களாகப் பார்த்துப் பதிவதே நல்லது.

மூன்றாவது, வீட்டில் விட்டுச்செல்லும் தாள். பாதை, ஒவ்வோர் இரவுக்குமான ஏரி, படகின் நிறம், காரின் எண், வெளியேறும் நாளும் நேரமும் ஆகியவற்றை எழுதி ஊரில் இருக்கும் ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். அதோடு, எத்தனை மணி வரை தகவல் இல்லையென்றால் அவர் காவல்துறையை அழைக்க வேண்டும் என்பதையும் எழுதுங்கள். காற்றுக்குப் பயந்து ஒரு பிற்பகல் முழுவதும் கரையில் ஒதுங்கியிருப்பது சரியான முடிவு. அந்த முடிவை எடுக்கும் துணிவு உங்களுக்கு இருக்க வேண்டுமானால், நீங்கள் சொன்ன நேரத்துக்கும் அவர் அழைக்கும் நேரத்துக்கும் இடையில் குறைந்தது ஓர் இரவாவது இருக்கட்டும்.