தமிழ் எழுத்து மட்டும் ஏன் இப்படி தெரியுது? இன்ஸ்பெக்ட் பண்ணி பாருங்க

கோத்தகிரில மச்சானோட ஹோம்ஸ்டேக்கு நானே வெப்சைட் போட்டேன், இங்கிலீஷ் எல்லாம் அழகா இருக்கு, தமிழ் மட்டும் வேற ஃபான்ட்ல, சாம்பல் கலர்ல, மூடுபனிக்குள்ள எழுதின மாதிரி. கடைசில குரோம்ல அந்த எழுத்து மேலயே ரைட் கிளிக் பண்ணி இன்ஸ்பெக்ட் குடுத்தேன், பக்கம் எப்படி கட்டியிருக்குன்னு காட்டுற பேனல் திறந்துச்சு. அதுல ஸ்டைல்ஸ்ங்கிற டேப்ல, கலர், ஃபான்ட் எல்லாம் சொல்ற சிஎஸ்எஸ் ரூல்கள் இருக்கும்; கோடு அடிச்ச வரி பெரும்பாலும் வேற ரூல்கிட்ட தோத்துப் போனது, நான் மாத்தின கலரும் அங்கதான் கெடந்துச்சு! ஜெயிச்சது எந்த ஃபைல், எந்த வரின்னு வலது ஓரத்துலயே இருக்கு. அப்புறம் கம்ப்யூட்டட் டேப்ல கடைசி வரைக்கும் கீழ இறங்குங்க, ரெண்டர்டு ஃபான்ட்ஸ்னு இருக்கும், நிஜமா எந்த ஃபான்ட் வந்திருக்குன்னு அங்கதான் தெரியும், நாம சிஎஸ்எஸ்ல எழுதுனது வெறும் ஆசைதான். நான் போட்ட ஃபான்ட்ல தமிழே இல்ல, அதான் சிஸ்டம் ஃபான்ட் வந்து உக்காந்துக்கிச்சு. அங்கயே மாத்தியும் பாக்கலாம், ஆனா ரீஃப்ரெஷ் பண்ணா போயிடும், காப்பி பண்ணி ஃபைல்ல போட்டுக்கோங்க.