அம்மம்மாவின் நெற்றிச்சுட்டியைத் திருகோணமலையில் திருத்த வருகிறீர்களா?

ஆவணிக் கல்யாணத்துக்காக லண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் வருகிறவர்களின் கைப்பையில் சில வேளை ஒரு பழைய நகைப்பெட்டியும் இருக்கும். அம்மம்மா மணவறையில் வைத்த நெற்றிச்சுட்டி, கூடவே தலையின் இரு பக்கமும் வைக்கும் சூரியப்பிரபை, சந்திரப்பிரபை. மகளுக்கு அதையே வைக்க ஆசை. ஆனால் எண்ணெய் தடவி இழுத்து வாரி, நேர் வகிடு எடுத்து, நீளப் பின்னிய தலைக்கென்று செய்த நகை அது. இந்தக் காலத்துத் தளர்ந்த கொண்டையில் அது நிற்காது, சரிந்து புருவத்துக்கு வந்துவிடும்.

முடிந்தால் ஆடியிலேயே வந்துவிடுங்கள். ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடுவரை கல்யாணம் இல்லாததால் நகை செய்யும் பத்தருக்கு ஓரளவு ஓய்வு, பிள்ளைகளுக்கும் பள்ளி விடுமுறை. ஆவணி பிறந்துவிட்டால் தாலிக்குப் பொன்னுருக்கு, தாலிக்கொடி என்று அவர் தலை நிமிர மாட்டார். அந்த நேரத்தில் அவசரப்படுத்தி வாங்கும் வேலை அவசர வேலையாகத்தான் இருக்கும்.

பெரிய நகைக்கடையில் கொடுத்தாலும் பல வேளை அது பின்னால் ஒரு பட்டறைக்குத்தான் போகும். ஊரில் இருக்கும் மாமியையோ சித்தியையோ கூட்டிக்கொண்டு நேரே பத்தரிடம் போவது நல்லது. குடும்பத்துக்கு யார் நகை செய்தார்கள் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

"பிள்ளை, இதை உருக்கிப் புதுசாச் செய்வமே?" என்று பத்தர் கேட்பார். "வேண்டாம் ஐயா, கொளுக்கியையும் சங்கிலியையும் மட்டும் மாத்தித் தாங்கோ" என்று சொல்லிவிடுங்கள். பழைய தலை நகைகளில் பல, மெல்லிய பொன் தகட்டுக்குள் அரக்கு நிரப்பியவை. சில வெள்ளியில் செய்து பொன் பூசியவை. சிவப்புக் கெம்புக் கல்லும் பல நகைகளில் அடியில் தாள் வைத்துப் பதித்த கண்ணாடிதான். கையில் கனமாக இருந்தாலும் கல்லும் அரக்கும் போக மிஞ்சும் பொன் கொஞ்சம். ஒரு பவுண் 8 கிராம் என்று மொத்த எடையை வைத்துக் கணக்குப் போட்டால் ஏமாற்றம்தான்.

சூடுதான் இதற்கு எமன். பற்றவைக்கும்போது அரக்கு உருகும், கெம்பின் அடித்தாள் கருகும், முத்து மங்கும். பற்றவைத்தே ஆகவேண்டிய இடத்தில் முதலில் கல்லைக் கழற்றச் சொல்லுங்கள். அதிர்வு இயந்திரத்தில் போட்டுக் கழுவுவதற்கும் சம்மதிக்காதீர்கள், மெல்லிய தூரிகையால் துடைத்தால் போதும்.

மாற்றுகிற எதையும் பிறகு கழற்றக்கூடியதாகவே செய்யச் சொல்லுங்கள். சுட்டியின் இரண்டு பக்கச் சரங்களுக்கும் தனித்தனிக் கொளுக்கி போட்டால், முகூர்த்தத்துக்கு முழுதாக வைக்கலாம், மாலை வரவேற்புக்கு நடுப்பதக்கம் மட்டும் போதும். நடுச்சங்கிலியின் முனையில் சில வளையங்கள் கூடுதலாக இருந்தால் எந்தக் கொண்டைக்கும் நீளத்தைக் கூட்டிக் குறைக்கலாம். பிரபைகள் இரண்டையும் அப்படியே விட்டு, பின்னால் சிறு சீப்பு பூட்டிய வெள்ளித் தகடொன்றைச் செய்து அதில் நூலால் கட்டிவிடலாம். பக்கவாட்டுக் கொண்டையிலும் அசையாது. இற்றுப்போன முத்துச்சரத்தைப் புது நூலில் கோர்க்கச் சொல்லுங்கள், இதில் கஞ்சத்தனம் வேண்டாம். சூரியன் வலப்பக்கம், சந்திரன் இடப்பக்கம் என்று அலங்காரம் செய்பவரிடம் சொல்லிவையுங்கள். பத்தரின் வேலை முடிந்ததும் அலங்காரம் செய்பவரிடம் ஒருமுறை தலையில் வைத்துப் பார்க்கவும் வேண்டும்.

கோணேசர் மலையில் காற்று பலமாக வீசும், அங்கே படம் எடுப்பதென்றால் கூடுதலாக இரண்டு ஊசி குத்துங்கள். உப்புவெளி, நிலாவெளிக் கடற்கரைப் படங்களுக்கு இந்த நகையே வேண்டாம் என்பேன். உப்புக்காற்று பட்டால் பூச்சு மங்கும், வெள்ளி கறுக்கும். கேட்காவிட்டால், அன்றிரவே மெல்லிய பருத்தித் துணியால் துடைத்து வையுங்கள்.

பத்தரிடம் கொடுக்கும் முன் முன்புறமும் பின்புறமும் படம் எடுத்து, மொத்த எடையையும் கல் எண்ணிக்கையையும் துண்டுச் சீட்டில் எழுதி வாங்குங்கள். சேர்க்கிற பொன் 22 கரட்டா என்பதும் அதில் இருக்கட்டும். கூலியையும் சேதாரத்தையும் முதலே பேசிக்கொள்ளுங்கள்.

கொழும்பிலிருந்து பஸ்ஸிலோ இரவு ரயிலிலோ வந்தாலும் பெட்டி உங்கள் மடியிலேயே இருக்கட்டும். 50 ஆண்டுக்கு மேற்பட்ட பழம்பொருட்களை நாட்டை விட்டுக் கொண்டுபோவதற்குக் கட்டுப்பாடு உண்டு. ஆகவே வெளிநாட்டிலிருந்து கொண்டுவரும் நகையைக் கட்டுநாயக்க விமான நிலையத்தில் இறங்கும்போதே சுங்கத்தில் காட்டிப் பதிந்து, அந்தக் கடதாசியைக் கடவுச்சீட்டோடு வையுங்கள். ஊரில் இருக்கும் அம்மம்மாவின் நகையை இனிமேல்தான் வெளியே கொண்டுபோகப் போகிறீர்கள் என்றால், டிக்கெட் போடும் முன் சுங்கத்தில் விசாரியுங்கள்.