பரணில் கிடக்கும் ஹாக்கி ஸ்டிக்கை மறுபடி இறக்கப் போகிறீர்களா?

வட சென்னை விளையாட்டு என்று பேச்சு வந்தாலே வியாசர்பாடி ஃபுட்பால், ராயபுரம் பக்கத்து கேரம், பாக்சிங் என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். பெரம்பூர், அயனாவரம், ஐ.சி.எஃப்., வில்லிவாக்கம் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர்களுக்குத்தான் தெரியும், ஒரு காலத்தில் சாயங்காலமானால் எத்தனை பையன்கள் கையில் ஸ்டிக்கோடு திரிந்தோம் என்று. நானும் அந்தக் கூட்டம்தான். லெஃப்ட் அவுட், அதாவது முன்வரிசையில் இடது ஓரம் ஆடினேன், ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை கிடைத்தது, சில வருஷம் அலுவலக டீமுக்கு ஆடினேன், அப்புறம் கல்யாணம், ஷிஃப்ட், குழந்தைகள் என்று ஸ்டிக் பரணுக்குப் போய்விட்டது. நாற்பத்தெட்டு வயதில் மறுபடி இறக்கினேன். இப்போது ஐந்து வருஷமாக ஞாயிறு தவறாமல் ஆடுகிறேன். உங்களுக்கும் அந்த ஆசை இருந்தால், நான் பட்டுத் தெரிந்துகொண்டதை எல்லாம் இங்கே எழுதிவிடுகிறேன்.

ஆசை வர இப்போது காரணங்களும் இருக்கின்றன. 2023 ஆகஸ்டில் எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் ஸ்டேடியத்தில் ஆசிய சாம்பியன்ஸ் டிராபி ஃபைனலில் மலேசியாவிடம் 1-3 என்று பின்தங்கியிருந்த இந்தியா 4-3 என்று ஜெயித்ததைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து தூக்கம் வராமல் புரண்ட பழைய ஆட்டக்காரர்கள் எனக்குத் தெரிந்தே நாலைந்து பேர். 2025 ஜூனில் அதே ஸ்டேடியத்தில் ஹாக்கி இந்தியா முதல் மாஸ்டர்ஸ் கோப்பையை நடத்தியது, அதாவது நம் வயதுக்காரர்களுக்கென்றே ஒரு தேசியப் போட்டி. பெரம்பூரிலிருந்து ஓட்டேரி, புரசைவாக்கம், டவுட்டன் வழியாக வண்டியில் போனால் எவ்வளவு நேரமாகப் போகிறது?

சரி, முதலில் டாக்டர். இதைத் தாண்டிப் போக வேண்டாம். நம் வயதில் பாதிப் பேருக்கு பிரஷரோ சுகரோ ஏதாவது ஒன்று இருக்கிறது, நமக்குத் தெரியாமலேகூட இருக்கும். ரத்தப் பரிசோதனை, ஈ.சி.ஜி., டாக்டர் சொன்னால் ட்ரெட்மில் டெஸ்ட். "வாக்கிங் போகப்போகிறேன்" என்று சொல்லாதீர்கள், "ஹாக்கி ஆடப்போகிறேன், திடீர் திடீரென்று முழு வேகத்தில் ஓட வேண்டியிருக்கும்" என்று சொல்லுங்கள், அவர் பார்க்கிற விதமே மாறும். சுகருக்கு மாத்திரை, ஊசி போடுகிறவர்கள் பையில் குளுக்கோஸ் வைத்திருக்க வேண்டும், அதைக் கூட ஆடுகிற ஒருவருக்காவது சொல்லியும் வைக்க வேண்டும். ஆடும்போது நெஞ்சில் அழுத்தமோ, தாடையிலோ இடது தோளிலோ வலியோ வந்தால் ஆட்டம் என்ன நிலையில் இருந்தாலும் வெளியே வந்து உட்காருங்கள், உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள், "கேஸ்" என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள்.

அடுத்தது யாரும் சொல்லாத ஒரு விஷயம், கண்ணாடி. நாற்பதுக்கு மேல் பலரும் ப்ரோக்ரஸிவ் லென்ஸ் போடுகிறோம், அதில் கீழ்ப்பாகம் படிப்பதற்கு. ஹாக்கியில் பந்து எங்கே இருக்கிறது? காலடியில். தலையைக் குனியாமல் கண்ணை மட்டும் தாழ்த்தினால் பந்து கலங்கித் தெரியும். நான் முதல் மாசம் பூராவும் வருகிற பந்தை எல்லாம் விட்டுவிட்டு, கை போய்விட்டது, இனி அவ்வளவுதான் என்று மனசு உடைந்து உட்கார்ந்திருந்தேன். கை போகவில்லை, கண்ணாடிதான். தூரப் பார்வைக்கு மட்டும் பவர் வைத்து, உடையாத பாலிகார்பனேட் லென்ஸில், பின்னால் பட்டை வைத்த ஒரு கண்ணாடியை ஆட்டத்துக்கென்று தனியாகச் செய்துகொண்டேன். அடுத்த வாரமே பந்து ஸ்டிக்கில் நின்றது.

ஸ்டிக்குக்கு வருவோம். பரணில் இருக்கிற மர ஸ்டிக் மேல் எவ்வளவு பாசம் இருந்தாலும் டர்ஃபுக்கு, அதாவது இப்போதைய செயற்கைத் தரைக்கு, அதைக் கொண்டு போகாதீர்கள், வருஷக்கணக்கில் வெயிலும் ஈரமும் தின்ற மரம் பலமாக ஒரு ஹிட் வாங்கினால் சிம்பு சிம்பாகப் பிளந்துவிடும். இப்போது எல்லாம் காம்போசிட் ஸ்டிக். கடைக்காரர் 90 சதவீதம், 95 சதவீதம் கார்பன் என்று விலை உயர்ந்ததை நீட்டுவார். கார்பன் கூடினால் ஸ்டிக் விறைப்பாகும், ஹிட் பறக்கும், ஆனால் வருகிற பந்தும் ஸ்டிக்கில் பட்டுத் தெறித்துப் போகும். நமக்கு நிறுத்துவதுதான் முக்கியம், அதனால் 50 சதவீதத்துக்குக் கீழே போதும். 'லோ போ' என்று வளைவு கீழே இருக்கிற ஸ்டிக்குகள் ட்ராக் ஃப்ளிக், அதாவது பந்தை ஸ்டிக்கால் இழுத்து வேகமாகக் கோலுக்கு வீசுவது, அடிக்கிற பையன்களுக்கு, நீங்கள் வளைவு நடுவில் இருக்கிறதைக் கேளுங்கள். நீளம் வழக்கமாக 36.5 அங்குலம், முதுகுவலி இருந்தாலோ உயரமானவராக இருந்தாலோ 37.5 எடுத்துப் பாருங்கள், குனிவது கொஞ்சம் குறையும். கூடவே ஷின் பேட், வெந்நீரில் போட்டுப் பல்லுக்கு அச்செடுக்கிற மவுத் கார்டு, அடியில் சின்னச் சின்ன குமிழ்கள் இருக்கிற டர்ஃப் ஷூ. ஓட்டப்பயிற்சி ஷூவோடு ஈர டர்ஃபில் இறங்கினால் வழுக்கும்.

இப்போது உடம்பு. மறுபடி வந்த ரெண்டாவது ஞாயிற்றுக்கிழமை, லெஃப்டில் ஒரு த்ரூ பாஸ் வந்தது, இருபது வயசில் எப்படிக் கிளம்புவேனோ அப்படியே கிளம்பினேன். பின்னங்காலில் யாரோ கல்லால் அடித்த மாதிரி இருந்தது, திரும்பிப் பார்த்தால் யாருமில்லை. கெண்டைச்சதை கிழிந்திருந்தது. ஆறு வாரம் நொண்டினேன். நாற்பதுக்கு மேல் திடீரென்று வேகமெடுக்கிற ஆட்களுக்கு இது ரொம்ப சகஜம் என்று பிசியோ சொன்னார். எனக்கு யாராவது முன்னாடியே சொல்லியிருக்கலாம், அதனால் உங்களுக்கு நான் சொல்கிறேன். மைதானத்துக்குப் போவதற்கு ஆறு வாரம் முன்பே தொடங்குங்கள். குவார்ட்டர்ஸ் மாடிப்படி போதும்: படியின் விளிம்பில் முன்பாதத்தை வைத்து, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ரெண்டு காலாலும் எம்பி ஒற்றைக் காலால் மெதுவாகக் குதிகாலைப் படிக்குக் கீழே இறக்குங்கள். ஒரு காலுக்குப் பதினைந்து, மூன்று தடவை, ஒருநாள் விட்டு ஒருநாள். அப்புறம் சுவரில் சாய்ந்து நாற்காலி போல உட்காருவது, ஏனென்றால் ஹாக்கியே அரை உட்காரலில் ஆடுகிற ஆட்டம். ஓட்டத்தை மெதுவாகத் தொடங்கி நாலாவது வாரத்தில்தான் முக்கால் வேகம். ஆட்டத்தன்று பதினைந்து நிமிஷமாவது வார்ம்-அப், நின்ற இடத்தில் காலை இழுத்துப் பிடிக்கிற பழைய முறை வேண்டாம், நடை, மெது ஓட்டம், பக்கவாட்டு ஓட்டம், பின்பக்க ஓட்டம், கடைசியில் ரெண்டு மூன்று சின்ன வேக ஓட்டம்.

மண் கிரவுண்டில் வளர்ந்தவர்களுக்கு டர்ஃப் வேறு உலகம். 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் முதல்முறையாக செயற்கைத் தரையில் ஆடி இந்தியா ஏழாம் இடத்துக்குப் போனது. நான்கு வருஷம் கழித்து மாஸ்கோவில் தங்கம் வாங்கினோம், கேப்டன் நம் தமிழ்நாட்டு வாசுதேவன் பாஸ்கரன், ஃபைனலில் ஸ்பெயினை 4-3. அதையும் செயற்கைத் தரையில்தான் ஜெயித்தோம், ஆக பழகினால் வரும். மண்ணில் பந்து துள்ளும், அதனால் ஸ்டிக்கை நேராக நிறுத்திப் பிடித்தோம். டர்ஃபில் பந்து சறுக்கிக்கொண்டு இரண்டு மடங்கு சீக்கிரம் வருகிற மாதிரி இருக்கும். முழங்காலை மடக்கி, ஸ்டிக்கைத் தரையோடு படுக்க வைத்து நிறுத்தக் கற்றுக்கொள்ளுங்கள், வலது கைப்பிடி தளர்வாக இருக்கட்டும். இறுக்கிப் பிடித்தால் பந்து தெறிக்கும். ஸ்டிக்கைத் தூக்கி ஓங்கி அடிக்கிற ஹிட்டை விட, கைகளைத் தள்ளி வைத்துத் தரையோடு இழுத்து அடிக்கிற ஸ்லாப் நமக்கு நல்லது, முதுகும் தப்பும், பந்தும் நேராகப் போகும். வீட்டுப் பக்கம் ஒரு சுவர் இருந்தால் வாரத்தில் ரெண்டு நாள் இருபது நிமிஷம் புஷ், ஸ்டாப், புஷ், ஸ்டாப். அந்த மர ஸ்டிக்கை இதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ரூல்ஸ் மாறிவிட்டது, இதைத் தெரியாமல் இறங்கினால் அம்பயரோடு சண்டைதான் வரும். ஆஃப்சைடு தொண்ணூறுகளிலேயே போய்விட்டது. ஃப்ரீ ஹிட்டை இன்னொருவருக்குத்தான் தர வேண்டும் என்பதில்லை, தனக்குத்தானே தட்டிக்கொண்டு ஓடலாம், அதனால் விசில் கேட்டதும் நின்று மூச்சு வாங்காதீர்கள், அதற்குள் உங்களைத் தாண்டிப் போயிருப்பான். தடுக்கிற டீம் தெரியாமல் பந்தைத் தன் கோல் பக்கக் கோட்டுக்கு வெளியே விட்டால் தருகிற லாங் கார்னர் இப்போது மூலையில் இல்லை, 23 மீட்டர் கோட்டிலிருந்து. கிரீன் கார்டு வெறும் எச்சரிக்கை என்று நினைத்தீர்கள் என்றால் ரெண்டு நிமிஷம் வெளியே உட்கார வேண்டும். பெரிய போட்டிகளில் 35 நிமிஷப் பாதிகள் போய், 15 நிமிஷம் வீதம் நான்கு கால்பகுதி. நமக்குப் பெரிய வரம் எது என்றால் ரோலிங் சப்ஸ்டிட்யூஷன்: எத்தனை முறை வேண்டுமானாலும் வெளியே போய் வரலாம். ஆறேழு நிமிஷத்துக்கு ஒருதடவை நீங்களாகவே கையைத் தூக்கி வெளியே வாருங்கள். மூச்சு முட்டிய பிறகு வந்தால் லேட்.

எந்த இடத்தில் ஆடுவது என்பதில்தான் எல்லாருக்கும் மனசு வலிக்கும். எனக்கும் வலித்தது. இருபது வயசில் லெஃப்ட் அவுட் என்றால் அம்பதிலும் லெஃப்ட் அவுட்டாகவே வந்து நிற்பார்கள், இருபது வயசுப் பையனோடு கோடு ஓரமாக ஓடிப் போட்டி போடுவார்கள், மூன்றாவது வாரம் கால் போய்விடும், "இனிமே நமக்குச் சரிப்படாது" என்று வீட்டுக்குப் போய்விடுவார்கள். அப்படிப் போன நல்ல ஆட்டக்காரர்களைப் பார்த்து எனக்கு ரொம்ப வருத்தம். பின்னால் வாருங்கள். ஃபுல் பேக்கிலோ நடு ஹாஃபிலோ நில்லுங்கள், மொத்த ஆட்டமும் உங்கள் கண் முன்னால் நடக்கும். முப்பது வருஷம் ஹாக்கி பார்த்த கண் அது, பந்து எங்கே வரப்போகிறது என்று அதற்குத் தெரியும், நாலு அடி முன்னாடியே போய் நின்றுவிட்டால் ஓடவே வேண்டியதில்லை. டேக்கிளுக்குப் பாயாதீர்கள். பந்தோடு எதிராளி வருகிற பாதையில் கொஞ்சம் இடப்பக்கம் நின்று, உங்கள் வலப்பக்கமாக அவனைப் போகவிடுங்கள், அது அவனுக்கு ஸ்டிக்கைத் திருப்பிப் பிடிக்க வேண்டிய ரிவர்ஸ் பக்கம், உங்களுக்கு நேர் ஸ்டிக். கூடவே பின்வாங்கிக்கொண்டே போய், பந்து அவன் ஸ்டிக்கை விட்டு ஒரு சாண் விலகும்போது தடுத்தால் போதும்.

இன்னொன்று, குரல். கோவில்பட்டியிலிருந்து வேலைக்காக இங்கே வந்த நண்பர் ஒருவர் எங்களோடு ஆடுகிறார், அந்த ஊரே ஹாக்கி ஊர், அவருக்கு இப்போது ஐம்பத்தாறு. பத்தடி ஓடினால் அதிகம். ஆனால் பின்னால் நின்று "டைம் இருக்கு", "ஆள் வரான், ரைட்ல பாரு", "விடு, அவுட்டு போகும்" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். முன்னால் ஆடுகிற பையன்கள் திரும்பியே பார்க்காமல் பாஸ் போடுவார்கள். ஒரு ஞாயிறு அவர் வரவில்லை என்றால், "அண்ணா எங்க?" என்று முதலில் கேட்பது அவர்கள்தான். திட்டுவதற்குக் குரலைப் பயன்படுத்தாதீர்கள். தப்பான பாஸ் போட்டவனுக்கு அது தப்பு என்று தெரியும், அடுத்தது எங்கே போட வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள்.

ஷார்ட் கார்னரில், அதாவது பெனால்டி கார்னரில், மட்டும் பிடிவாதமாக இருங்கள். எதிர் டீமில் ட்ராக் ஃப்ளிக் அடிக்கிற பையன் இருந்தால், முகத்துக்கு மாஸ்க் இல்லாமல் கோல் லைனில் நிற்காதீர்கள், முதல் ஆளாக ஓடவும் வேண்டாம். பந்து 160 கிராம் சொச்சம்தான், ஆனால் பல்லில் பட்டால் என்னாகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஏப்ரல், மே மாதம் காலை ஆறு மணிக்குத் தொடங்கி ஏழரைக்குள் முடித்துவிடுங்கள். போகிறதுக்கு முன்னாடியே தண்ணீர் குடித்திருக்க வேண்டும், இடையில் உப்புப் போட்ட மோர். மழைக்காலத்தில் நம் பக்கத்து மண் கிரவுண்டுகளில் தண்ணீர் நிற்கும், அப்போது ஆடி முட்டியைத் திருப்பிக்கொள்ளாமல் சுவர்ப் பயிற்சியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஞாயிறு ஆடிவிட்டு வந்து அப்படியே படுத்துவிடக் கூடாது, பத்து நிமிஷம் நடங்கள், சாயங்காலமும் ஒரு நடை. திங்கட்கிழமை படியிறங்கும்போது தொடை வலிக்கும், அது போய்விடும். புதன்கிழமையும் அதே இடத்தில் வலித்தால், அடுத்த ஞாயிறு ஆடாமல் போய் ஓரமாக நில்லுங்கள், விசிலையாவது வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் போகாமல் மட்டும் இருக்காதீர்கள், ஒரு வாரம் விட்டால் ரெண்டு வாரமாகும்.