மலைநாட்டில் உப்புநீர்த் தொட்டி: கால்சியம் ஏன் ஏற மாட்டேன் என்கிறது?

நுவரெலியாக் குளிரில் பவளத் தொட்டி வைத்திருப்பவரிடம் ஹீட்டர், ஆர்ஓ தண்ணீர் (சவ்வு வழியே வடிகட்டிய சுத்தநீர்) எல்லாம் இருக்கும், அவற்றை விட்டுவிடுகிறேன். கால்சியத்தை 400 முதல் 450 பிபிஎம்முக்குள் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) நிறுத்துவதுதான் இங்கே பேச்சு.

முதலில் உப்பளவு. 35 பிபிடிக்கு, அதாவது ஆயிரத்தில் 35 பங்குக்கு, கீழே போனால் கால்சியமும் குறைவாகத்தான் காட்டும். ஊசி ஆடும் பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டரை நான் நம்புவதில்லை, ஒளிவிலகலை வைத்து உப்பளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டர் வாங்குங்கள். கால்சியத்துக்கு சாலிஃபெர்ட் சோதனைக் கிட் போதும். இளஞ்சிவப்பு நீலமாகும் இடம் மஞ்சள் பல்பின் கீழ் தெரியாது, ஜன்னலோரம் போய்ப் பாருங்கள்.

அடுத்தது மக்னீசியம். இங்கேதான் ஆட்கள் சறுக்குவது. அது குறைந்திருந்தால், கால்சியம் குளோரைடைக் கொட்டக் கொட்டக் கால்சியம் ஏறாது, ஹீட்டரில் வெள்ளைப் படிவுதான் ஏறும். நம் ஊரில் ஹீட்டர் ஓயாமல் எரிவதால் அந்தச் சூட்டில் படிவு இன்னும் சீக்கிரம் பிடிக்கும். கால்சியம் கார்பனேட் படிகம் வளரவிடாமல் தடுப்பது மக்னீசியம். அது 1250 பிபிஎம்முக்குக் கீழே இருந்தால் கால்சியத்தைத் தொடவே வேண்டாம். மக்னீசியம் குளோரைடைச் சில நாட்களுக்குப் பிரித்து விட்டு, 1300 அளவில் நிறுத்திய பிறகு வாருங்கள்.

சரி, இப்போது கால்சியம். 100 லீட்டரில் 20 பிபிஎம் ஏற்ற, டைஹைட்ரேட் வகைக் கால்சியம் குளோரைடு ஏறக்குறைய 7.3 கிராம். ஆர்ஓ தண்ணீரில் கரைத்து, ஓட்டம் உள்ள இடத்தில் மெதுவாக ஊற்றுங்கள். ஒரு நாளைக்கு இதற்கு மேல் வேண்டாம். அல்கலினிட்டியை (தண்ணீரின் கார்பனேட் அளவை) ஏற்ற விடும் அப்பச்சோடாக் கரைசலை அதோடு சேர்த்து ஊற்றினால் தொட்டி பால்போல் வெளுக்கும். ஒன்று காலையில், மற்றது இரவில்.

பவளம் 20 பிபிஎம் கால்சியத்தை எடுக்கும்போது அல்கலினிட்டி, அதை அளக்கும் டிகேஎச் அலகில், 2.8 இறங்கும். அதனால் அடிக்கடி பார்க்க வேண்டியது அல்கலினிட்டியைத்தான். 8க்கும் 11க்கும் நடுவே ஓர் எண்ணைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

அளவுகள் நின்ற பிறகு என் விருப்பம் கல்க்வாஸர், அதாவது கால்சியம் ஹைட்ரொக்சைடுத் தெளிநீர். சூடான தொட்டி, குளிர்ந்த அறை என்பதால் இங்கே தண்ணீர் நன்றாக ஆவியாகும். அந்த இழப்பை ஈடுகட்ட இதையே இரவில் சொட்டுச் சொட்டாக விடலாம். லீட்டருக்கு ஒரு கிராம் போட்டு, தெளிந்த பிறகு மேல்நீரை மட்டும் எடுங்கள். கையுறை கட்டாயம்.

பின்சேர்க்கை: தோட்டத்தில் தேயிலைக்குப் போடும் டொலமைட்டைப் போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். பயனில்லை, தொட்டியின் 8.2 பிஎச்சில் அது கரையாது. வெற்றிலைச் சுண்ணாம்பும் வேண்டாம், அதில் வேறு என்ன கலந்திருக்கிறது என்று பொட்டலத்தில் போட்டிருக்காது.

இன்னொன்று: குளிருக்கு எல்லா ஜன்னலையும் அடைத்தால் அறையில் கரியமிலவாயு கூடி பிஎச் இறங்கும். மருந்தைத் தேடுமுன் பகலில் ஒரு ஜன்னலைத் திறந்து பாருங்கள்.