வீட்டுக்கு எந்த சிலிண்டர், வந்ததும் என்ன பார்ப்பது, எப்படி மாட்டுவது: முதல்முறை கேஸ் வாங்குவோருக்கு

புதிதாக கேஸ் இணைப்பு எடுப்பவர்கள் அடுப்பைத் தேர்ந்தெடுக்க நாலு கடை ஏறி இறங்குகிறார்கள். சிலிண்டரை மட்டும் வந்ததை வந்தபடி வாங்கி மூலையில் வைத்துவிடுகிறார்கள். வாங்கும்போது ஐந்து நிமிடம் கவனித்தால் பின்னால் வரும் தொல்லைகளில் பாதி வராது.

எந்த அளவு?

வழக்கமான சிவப்பு இரும்புச் சிலிண்டரில் 14.2 கிலோ கேஸ் இருக்கும். தனியாளாக அறை எடுத்துத் தங்கியிருந்தால், அல்லது மாடிப்படியில் தூக்கிப்போக ஆளில்லை என்றால் 5 கிலோ போதும். 10 கிலோ ஃபைபர் சிலிண்டரும் இருக்கிறது. அதன் வெற்று எடை இரும்பில் பாதிகூட இல்லை, துருப்பிடிக்காது, வெளிச்சத்தில் பார்த்தால் உள்ளே எவ்வளவு திரவம் இருக்கிறது என்பதும் தெரியும். ஆனால் டெபாசிட் கூடுதல். 19 கிலோ சிலிண்டர் ஓட்டல், கடைகளுக்கானது. வீட்டு சிலிண்டரைக் கடையில் வைப்பது சட்டப்படி தவறு.

உங்கள் வீட்டில் என்னென்ன எரியும் என்று முதலில் கணக்குப் போடுங்கள். பெரிய பர்னர் ஒன்று முழுத் தீயில் மணிக்குச் சுமார் 150 முதல் 200 கிராம் எரிக்கும். தினமும் எல்லாப் பர்னரும் சேர்த்து இரண்டு மணி நேரம் என்றால் 14.2 கிலோ சுமார் 35 முதல் 47 நாள் வரும். கேஸ் கீசர் கதை வேறு. நிமிடத்துக்கு 6 லிட்டர் கீசர் மணிக்கு ஏறக்குறைய ஒரு கிலோ குடிக்கும். நாலு பேர் ஆளுக்குப் பத்து நிமிடம் குளித்தால் நாளுக்கு 600 கிராமுக்கு மேல் போய்விடும். ஒரு சிலிண்டர் மூன்று வாரம் தாங்கினால் அதிகம். அடுப்புக் குழாயில் டி-ஜாயின்ட் போட்டு கீசருக்கு இழுப்பதைச் செய்யவே கூடாது. கீசருக்குத் தனி சிலிண்டர், தனி ரெகுலேட்டர். கீசரைக் குளியலறைக்குள் மாட்டவும் கூடாது. காற்றோட்டமில்லாத இடத்தில் கேஸ் எரிந்தால் கார்பன் மோனாக்சைடு உண்டாகும். அதற்கு வாசனை கிடையாது. மயங்கிய பிறகுதான் தெரியும்.

வாசலில் பார்க்க வேண்டியவை

டெலிவரி செய்பவர் ஓடிப்போகும் அவசரத்தில்தான் இருப்பார். ஆனாலும் அவர் கிளம்பும் முன் இவற்றைப் பாருங்கள்.

1. சீல் உடையாமல் இருக்கிறதா, பாதுகாப்பு மூடி நூலோடு இருக்கிறதா?

2. எடை. சிலிண்டரின் மேல்வளையத்தைத் தாங்கும் பட்டைகளில் வெற்று எடை எழுதியிருக்கும். 15.3 கிலோ என்று இருந்தால், நிறை சிலிண்டர் 29.5 கிலோ இருக்க வேண்டும். ஒவ்வொரு சிலிண்டருக்கும் வெற்று எடை கொஞ்சம் மாறும், எனவே பொதுக் கணக்கு வைத்துக்கொள்ளாமல் அந்தந்த எண்ணைப் பாருங்கள். எடை போட்டுக் காட்டச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை.

3. சோதனைத் தேதி. பட்டையின் உட்புறம் ஏ, பி, சி, டி என ஒரு ஆங்கில எழுத்தும் இரண்டு இலக்க ஆண்டும் இருக்கும். ஏ என்றால் மார்ச் வரை, பி ஜூன், சி செப்டம்பர், டி டிசம்பர். "பி-28" என்றால் 2028 ஜூனுக்குள் அந்தச் சிலிண்டரை மறுசோதனைக்கு அனுப்ப வேண்டும். இதைப் பலர் கேஸ் காலாவதியாகும் தேதி என்று நினைக்கிறார்கள். கேஸ் கெட்டுப்போகாது, சோதிக்க வேண்டியது இரும்பைத்தான். தேதி கடந்திருந்தால் வாங்காமல் திருப்பி அனுப்புங்கள்.

4. வாஷர். மூடியைத் திறந்து வால்வின் வாய்க்குள் எட்டிப் பார்த்தால் கறுப்பு ரப்பர் வளையம் தெரியும். அது இல்லாவிட்டாலோ கிழிந்திருந்தாலோ ரெகுலேட்டரை ஆன் செய்ததும் கசியும். கையோடு மாற்றித் தரச் சொல்லுங்கள்.

5. வால்வின் வாயில் கொஞ்சம் தண்ணீர் விட்டுப் பாருங்கள். குமிழி வந்தால் வால்வே கசிகிறது. மூடியைப் போட்டு அப்படியே திருப்பிக் கொடுத்துவிடலாம். வராவிட்டால் தண்ணீரைத் துணியால் ஒற்றி எடுங்கள்.

மாட்டும் முறை

அடுப்பு, சாமி விளக்கு, ஊதுபத்தி எல்லாம் அணைந்திருக்கட்டும். ஜன்னலைத் திறந்து வையுங்கள். சிலிண்டர் எப்போதும் செங்குத்தாக, தரையில், அடுப்பு மேடையை விடத் தாழ்வாக நிற்க வேண்டும். படுக்கவைத்தால் ஆவிக்குப் பதில் திரவமே குழாய்க்குள் வரும். ஒரு லிட்டர் திரவம் சுமார் 250 லிட்டர் ஆவியாக விரியும். மூடிய அலமாரிக்குள் வைக்கிறீர்கள் என்றால் அதன் கீழ்ப்பகுதியில் காற்றுப் போக வழி விடுங்கள். இந்த கேஸ் காற்றை விடக் கனமானது, கசிந்தால் தரையோடு தேங்கும்.

ரெகுலேட்டரின் திருகு ஆஃப் நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள். அடியிலுள்ள கறுப்பு பிளாஸ்டிக் வளையத்தை மேலே தூக்கிப் பிடித்தபடி வால்வின் மேல் நேராக வைத்து, லேசாகத் திருப்பிக்கொண்டே அழுத்துங்கள். வளையத்தை விட்டுக் கீழே தள்ளினால் "க்ளிக்" என்று பிடித்துக்கொள்ளும். இப்போது மேல்நோக்கி இழுத்துப் பாருங்கள். கையோடு வந்துவிட்டால் சரியாக உட்காரவில்லை. சுத்தியலால் தட்டி உட்காரவைக்கும் வேலையெல்லாம் வேண்டாம்.

டியூப் ஆரஞ்சு நிறத்தில், உள்ளே கம்பிப் பின்னல் உள்ள ஐ.எஸ்.ஐ. முத்திரை டியூப்பாக இருக்க வேண்டும். நீளம் 1.5 மீட்டருக்கு மேல் வேண்டாம். ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். வெடிப்பு தெரிந்தால் அன்றைக்கே. அதைச் சூடாக்கித் தளர்த்தி முனையில் ஏற்றாதீர்கள். மேலே உறை போட்டு மறைத்தாலும் எலி கடித்த இடம் கண்ணுக்குத் தெரியாமல் போகும்.

கசிவு எங்கிருந்து?

சோப்புத் தண்ணீரைத் தூரிகையால் தடவி, குமிழி வருகிறதா பாருங்கள். தீக்குச்சியால் பார்க்கும் பழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது, தயவுசெய்து வேண்டாம்.

அடுப்பு ஆஃப், ரெகுலேட்டர் ஆன், வாசனை வால்வுப் பக்கம் என்றால் பெரும்பாலும் வாஷர். குழாயின் இரு முனைகளில் குமிழி வந்தால் டியூப் சரியாக ஏறவில்லை. அடுப்பின் கீழே மட்டும் வாசனை வந்தால் அடுப்புத் திருகில் கோளாறு. ரெகுலேட்டர் ஆஃப் ஆகியும் வாசனை அடங்கவில்லை என்றால் வால்வு.

எதுவாக இருந்தாலும் முதலில் ரெகுலேட்டரை ஆஃப் செய்யுங்கள். மின் சுவிட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். இரண்டிலும் பொறி பறக்கும். எக்ஸாஸ்ட் ஃபேன் போடுவதுதான் பலர் செய்யும் தவறு. ஜன்னல், கதவுகளைத் திறந்து, வால்வே கசிந்தால் ரெகுலேட்டரைக் கழற்றி மூடியைப் போட்டு, சிலிண்டரைத் திறந்தவெளிக்குக் கொண்டுபோங்கள். பிறகு வெளியே நின்று 1906 என்ற எண்ணுக்குப் பேசுங்கள்.

எவ்வளவு மீதி?

எடைதான் சரியான வழி. ரெகுலேட்டரைக் கழற்றிச் சிலிண்டரை எடை மெஷினில் நிறுத்தி, வெற்று எடையைக் கழியுங்கள். அதற்குச் சோம்பலாக இருந்தால் ஈரத்துணியால் மேலிருந்து கீழாக ஒருமுறை துடையுங்கள். வெறும் பகுதி சீக்கிரம் காயும். திரவம் நிற்கும் உயரம் வரை ஈரம் கொஞ்ச நேரம் தங்கும். மாட்டிய தேதியைக் காலண்டரில் குறித்துவைத்தால் மூன்று சிலிண்டருக்குப் பிறகு உங்கள் வீட்டுக் கணக்கு பிடிபட்டுவிடும்.

தீர்ந்துபோகும் நேரத்தில் சிலிண்டரைக் கவிழ்ப்பது, வெந்நீர்த் தொட்டியில் நிறுத்துவது இரண்டும் நம் ஊர் வழக்கங்கள். கவிழ்த்தால் திரவம் ரெகுலேட்டருக்குள் இறங்கும். வெந்நீர் உள்ளே அழுத்தத்தை ஏற்றும். சிலிண்டரை முழுக்க நிரப்பாமல் மேலே கொஞ்சம் காலி இடம் விடுவதே திரவம் சூட்டில் விரியும் என்பதால்தான். ஊட்டி, கொடைக்கானலில் குளிர்கால விடியலில் தீ சோர்ந்து எரிவதற்கு கேஸ் குறைந்தது மட்டும் காரணமல்ல. இதில் கலந்திருக்கும் பியூட்டேன் பூஜ்யத்துக்கு அரை டிகிரி கீழேதான் கொதிக்கும், குளிரில் ஆவியாகத் தயங்கும். கூடவே கலந்திருக்கும் புரோப்பேனுக்கு அந்தத் தொல்லை இல்லை, அது மைனஸ் 42 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொஞ்சம் வெயில் ஏறியதும் தீ தானாகச் சீராகும்.

தீ மஞ்சளாகிப் பாத்திரத்தில் கரி பிடித்தால் பர்னர் துளைகளைக் குண்டூசியால் சுத்தம் செய்து, சோப்புத் தண்ணீரில் கழுவி, நன்றாகக் காயவிட்டு மாட்டுங்கள். சிலிண்டரை மாற்றச் சொல்லிச் சண்டை பிடிக்கும் முன் இதைச் செய்துபாருங்கள்.

இரண்டாவது சிலிண்டர் வைத்திருந்தால் மூடியை நூலோடு இறுக்கிப் போட்டு, அடுப்பிலிருந்து தள்ளி, வெயில் படாமல் நிமிர்த்தி வையுங்கள். இரவில் படுக்கும் முன் ரெகுலேட்டரை ஆஃப் செய்யுங்கள். நாலு நாள் ஊருக்குப் போகிறீர்கள் என்றால் அதைக் கழற்றி, மூடியையும் போட்டுவிட்டுக் கிளம்புங்கள்.